பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி, 8 டிசம்பர் 2024

மரக்காணம் பக்கம் எங்கள் வீட்டில் சின்ன நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். 1.5 எச்.பி. த்ரீ ஃபேஸ் பம்ப், மணல் ஃபில்டர். போன வாரம் ஃபெஞ்சல் புயல் அடித்ததில் குளம் முழுக்கச் சவுக்கு இலை. மோட்டார் ரூமுக்குள்ளும் தண்ணீர் புகுந்து ஸ்டார்ட்டர் போய்விட்டது. அதை மாற்றி, இரண்டு நாள் வலை போட்டு அள்ளி, பிறகு பம்ப்பை ஓட்டினோம். ஓடுகிறது, ஆனால் தண்ணீரில் வேகமே இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு எதிரே ஒரு கை தூரத்தில் நின்றாலே வயிற்றில் தள்ளும். இப்போது வாயருகே உள்ளங்கையை வைத்தால்தான் தெரிகிறது. அடியில் அழுக்கு உறிஞ்சும் பிரஷ்ஷும் எதையும் இழுப்பதில்லை. ஃபில்டர் மேலுள்ள பிரஷர் மீட்டர் முன்பு 0.9 கிலோ காட்டும், இப்போது 0.3. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பம்ப்புக்கு வயசாகிவிட்டது, 2 எச்.பி. போட்டுவிடுங்கள்" என்கிறார். வாங்கிவிடலாமா?

8 டிசம்பர், இரவு

வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றாலும் ஒரு வாரம் பொறுங்கள்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு பேரனின் நச்சரிப்புத் தாங்காமல் வடவள்ளி வீட்டில் ஒரு தொட்டியைக் கட்டி, அதற்கு நீச்சல்குளம் என்று பெயரும் வைத்திருக்கிறேன். உங்களுடையதில் பாதிதான் இருக்கும். ஆனால் அது காட்டாத வித்தை இல்லை.

விடை பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மீட்டர் 0.9-இலிருந்து 0.3-க்கு இறங்கியிருக்கிறது. வேகம் குறைந்து மீட்டர் ஏறியிருந்தால், அடைப்பு மீட்டரைத் தாண்டி எங்கேயோ என்று அர்த்தம்: மணல் அழுக்கேறியிருக்கும், அல்லது குளத்துக்குத் திரும்பும் குழாயில் ஏதாவது இருக்கும். சுத்தமான ஃபில்டர் காட்டும் அளவைவிட அரை கிலோ, முக்கால் கிலோ ஏறினால் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவி பேக்வாஷ் செய்கிறோமே, அந்தக் கணக்கு. உங்களுக்கு வேகமும் குறைவு, மீட்டரும் இறக்கம். அப்படியென்றால் கோளாறு மீட்டருக்கு இந்தப் பக்கம். குளத்தோரத்தில் மேல்தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர், உறிஞ்சும் குழாய், குப்பையைப் பிடிக்கும் பம்ப் கூடை, பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரை வீசும் இம்பெல்லர். இந்த நாலுக்குள்தான் திருடன் இருக்கிறான்.

உறிஞ்சும் பக்கம் அடைத்திருக்கும்போது பெரிய பம்ப் போடுவது, மூக்கடைத்தவனை இன்னும் பலமாக மூச்சிழுக்கச் சொல்வது மாதிரி. பம்ப் தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உள்ளே கொஞ்சம் வெற்றிடம் உண்டாக்குகிறது, வெளியிலிருக்கும் காற்றுதான் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கிறது. காற்றின் மொத்த பலமே 10.3 மீட்டர் தண்ணீர்தான். 2 எச்.பி. போட்டாலும் 20 எச்.பி. போட்டாலும் அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. தண்ணீர் போதாமல் பம்ப்புக்குள் கூழாங்கல் அரைக்கிற சத்தம் கேட்கும், இம்பெல்லர் அரித்துப் போகும். அப்போது அதே மெக்கானிக் வந்து 3 எச்.பி. போடச் சொல்வார்.

நாளை காலையில் பாருங்கள். குளத்து நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்கு இருக்கிறதா? ஸ்கிம்மர் கதவு, அந்தப் பிளாஸ்டிக் மடிப்பு, மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறதா? ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை இரண்டிலும் என்ன இருக்கிறது? பம்ப்பின் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் தண்ணீர் முட்டி நிற்கிறதா, குமிழி ஓடுகிறதா?

9 டிசம்பர்

ஒன்றை எழுத மறந்தேன். பம்ப் கூடைக்குள் கை விடுமுன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினை இறக்குங்கள். என் பேரன் "அப்பிச்சி, ஆன் பண்ணட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஆன் பண்ணுகிற ரகம்.

11 டிசம்பர்

பம்ப் கூடை பாதிக்கு மேல் சவுக்காம், அள்ளியாயிற்றாம். நீர்மட்டம் சரி. மூடிக்குள் பொடிப் பொடியாகக் குமிழி ஓடுகிறதாம். மீட்டர் 0.35.

குமிழி என்றால் காத்து வாங்குகிறது. உறிஞ்சும் பக்கத்தில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. பம்ப் ஓடும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, ஏனென்றால் அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால்தான் கசியும். அதனால் ஓடும்போது தடவிப் பார்த்து "காய்ந்துதான் இருக்கிறது" என்று ஏமாறாதீர்கள். சோப்பு நுரையைக் கெட்டியாக அடித்து, மூடி விளிம்பு, டிரெயின் பிளக், யூனியன், வால்வுக் கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தடவுங்கள். நுரை உள்ளே போகிற இடம்தான் ஓட்டை. ஷேவிங் நுரை இன்னும் நன்றாக நிற்கும்.

ஊரில் கிணற்று மோட்டார் காத்து வாங்கினால் அப்பா பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுவார். கிணற்றுக்குள் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வ் ஒழுகினால் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார். சாணி போய் வால்வின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும், மோட்டார் ஜம்மென்று தண்ணீர் எடுக்கும். நீச்சல்குளத்துக்கு இந்த வைத்தியத்தை நான் சொல்லவில்லை.

பத்துக்கு ஒன்பது தடவை மூடியின் ஓ-ரிங்தான், அந்த ரப்பர் வளையம். கழற்றித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா பார்த்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் போடுங்கள்.

12 டிசம்பர்

தேங்காய் எண்ணெய் என்று எழுதியதற்கு இங்கே ஒருவர் என்னை நன்றாகக் காய்ச்சியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. எண்ணெய், வாசலின் எல்லாம் சிலவகை ரப்பரை ஊதவைத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள், சின்ன ட்யூபே வருஷக்கணக்கில் வரும். என் பழைய ஓ-ரிங் பாயசத்தில் ஊறிய சேமியா மாதிரி ஆனது எதனால் என்று நேற்றுவரை எனக்கே தெரியாது.

13 டிசம்பர்

புது ஓ-ரிங் போட்டார்களாம். குமிழி நின்றது. மீட்டர் 0.4. காத்து போயிற்று, வேகம் வரவில்லை.

15 டிசம்பர்

மிச்சம் இருப்பது இம்பெல்லர். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சவுக்கு என்று நீங்கள் எழுதியபோதே.

வேப்பிலையோ மாவிலையோ கூடையில் நின்றுவிடும். சவுக்கு நிற்காது. கூடையின் ஓட்டை வழியாக ஊசி மாதிரி நேராக நுழைந்து, இம்பெல்லரின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே போய்க் குறுக்கே படுத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் அடுத்தது அதன் மேல் சாயும். கொஞ்ச நாளில் குருவிக்கூடு. என் வீட்டில் சவுக்கு கிடையாது, ஆனால் பக்கத்து மனையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. சித்திரை பிறந்தால் பொரி கொட்டின மாதிரி பூ. அந்தப் பூவும் கூடையைத் தாண்டிப் போய் இதே வேலையைச் செய்யும். முதல் வருஷம் நான் மூன்று தடவை ஃபில்டரைப் பேக்வாஷ் செய்து, ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி புங்கம்பூ, பிண்ணாக்கு மாதிரி.

மெயினை இறக்கிவிட்டு, கூடையை எடுத்து, அந்தக் குழிக்குள் பம்ப் பக்கமாக விரலை விட்டால் இம்பெல்லரின் கண் தட்டுப்படும். வளைத்த கம்பியால் நோண்டலாம். எட்டவில்லையென்றால் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் இழுங்கள், இம்பெல்லர் மோட்டாரோடு வந்துவிடும்.

சவுக்கு பற்றி எழுதும்போது ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கடற்கரைக்குப் போனபோது சவுக்கு ஊசியை ஒரு கணுவில் பிடுங்கி, மறுபடி செருகி, "எங்கே ஒடித்தேன், கண்டுபிடி" என்று பந்தயம் கட்டுவோம். நாம் இலை என்று சொல்லும் அந்தப் பச்சை ஊசி உண்மையில் தண்டு. நிஜ இலை ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக ஒட்டியிருக்கும் செதில், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கணுக்கணுவாகக் கழன்றுகொண்டே வருவதால்தான் அது கூடைக்கு அடங்குவதில்லை.

15 டிசம்பர், சாயங்காலம்

படம் வந்திருக்கிறது! ஒரு டம்ளர் நிறையச் சவுக்கு. ஆள் பிடிபட்டான். மெக்கானிக்கிடம் அந்த டம்ளரைக் காட்டுங்கள்.

16 டிசம்பர்

மீட்டர் 0.45. வேகம் "கொஞ்சம் பரவாயில்லை".

கொஞ்சம் பரவாயில்லை என்றால் என்ன? நேற்று நான் போட்ட ஆச்சரியக்குறியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

18 டிசம்பர்

இங்கே ஒருவர் இது மணல்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஃபில்டர் மணல் கட்டிதட்டிப் போயிருக்குமாம், மாற்றச் சொல்கிறார். மணல் கட்டிதட்டினால் மீட்டர் ஏற வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது என்று நான் எழுதினேன். மீட்டரே பொய் சொல்லலாமே என்கிறார். அது நியாயமான கேள்வி. பம்ப் நின்றபின் முள் பூஜ்யத்துக்கோ அதனருகிலோ வருகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். உங்கள் முள் ஒழுங்காக இறங்குகிறதாம்.

மணல் பற்றி எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. குளம் கட்டிய மேஸ்திரி, ஃபில்டருக்குள் போட சிலிக்கா மணல் மூட்டை எதற்கு, வீடு கட்டிய மிச்சம் எம்-சாண்ட் கிடக்கிறதே என்றார். எனக்கும் அது சிக்கனமாகத்தான் பட்டது. எம்-சாண்டில் மாவு மாதிரி தூள் இருக்கிறது என்பதை மறந்தேன். ஃபில்டர் மணல் சலித்துத் தேர்ந்தது, அரை மில்லிமீட்டர் சுமாருக்கு ஒரே சீராக இருக்கும், தண்ணீர் போக இடைவெளி விடும். எம்-சாண்ட் அத்தனையும் ஒன்றோடொன்று அடைந்து கான்கிரீட் மாதிரி உட்கார்ந்தது. மீட்டர் 2 கிலோவைத் தொட்டது, தூளில் பாதி குளத்துக்கே திரும்பி வந்து தண்ணீர் மோராக நின்றது. முழுவதையும் ஒரு டம்ளரால் அள்ளி வெளியே போட்டேன். டம்ளர் என்றால் டம்ளர்தான், ஃபில்டரின் வாய் அவ்வளவு சிறியது.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு மணலோடு சேர்ந்து கட்டி கட்டியாக ஆவதும், தண்ணீர் ஏதோ ஒரு சந்து வழியாக மட்டும் ஓடுவதும் உண்மைதான். ஆனால் அப்போது தண்ணீர் கலங்கும், வேகம் குறையாது.

19 டிசம்பர்

வாக்குவாதம் வேண்டாம், டிரம் வைத்துப் பார்த்துவிடலாம். டெஸ்டிங் பிரிவுக்காரனின் புத்தி.

ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை "வேஸ்ட்" நிலைக்குத் திருப்புங்கள். பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் சிலந்தி மாதிரி கேஸ்கட் கிழிந்துவிடும், பிறகு பேக்வாஷ் குழாயில் எந்நேரமும் தண்ணீர் கசியும். வேஸ்ட் நிலையில் தண்ணீர் மணலுக்குள் போகாமல் நேராக வெளியே போகும். அந்தக் குழாயை ஒரு 200 லிட்டர் நீல டிரம்முக்குள் விட்டு, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். விநாடியில் அடித்துப் பிடித்து நிறைந்தால் கோளாறு மணலில். டிரம்மும் மெதுவாகத்தான் நிறைகிறது என்றால் மணலைத் தொடாதீர்கள்.

நான் இன்று என் குளத்தில் செய்து பார்த்தேன். 1 எச்.பி. பம்ப், 55 விநாடி. டிரம் நிறைந்ததும் பம்ப்பை நிறுத்த மறந்து நின்றதில் செருப்பு இரண்டும் மிதந்தன.

22 டிசம்பர்

உங்கள் டிரம் நிறைய 2 நிமிஷம் 10 விநாடி. மணிக்கு ஐந்தரை ஆயிரம் லிட்டர். மணலே குறுக்கே இல்லாமல், 1.5 எச்.பி.யில். என் 1 எச்.பி. மணிக்குப் பதின்மூன்றாயிரம் தள்ளுகிறது.

உங்கள் குளத்தில் இருப்பது சுமார் 41,600 லிட்டர். ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று ஃபில்டரில் போய்வர வேண்டுமானால் மணிக்கு ஏழாயிரம் வேண்டும், அதுவும் மணல் வழியாக. நீங்கள் மணல் இல்லாமலே ஐந்தரையில் நிற்கிறீர்கள்.

மணல் கட்சி தோற்றது. மணல்கட்சிக்காரர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் பூமிக்குள் போகும் உறிஞ்சும் குழாயா? வால்வைத் திருப்பி ஸ்கிம்மரை மட்டும் திறந்து டிரம் பிடியுங்கள். அப்புறம் குளத்தின் தரையிலிருக்கும் அடி வாயை மட்டும் திறந்து பிடியுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் மோசமாக இருந்தால் அந்தக் குழாய்தான் குற்றவாளி.

அடி வாயை மட்டும் திறக்கும்போது குளத்தில் ஒருத்தரும் இருக்கக்கூடாது. குழந்தைகள் கிட்டேயே வரக்கூடாது. ஒரே வாயில் முழு இழுவையும் இருக்கும்போது அதில் முதுகோ முடியோ ஒட்டிக்கொண்டால் பெரியவர்களாலும் பிய்த்தெடுக்க முடியாது. அமெரிக்காவில் 2002-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி இறந்துபோனாள். அதன் பிறகுதான், 2007-இல், வடிகால் வாய்க்குப் பாதுகாப்பு மூடி பற்றி அங்கே சட்டமே வந்தது. நம் பக்கத்துக் குளங்களில் சமையலறை ஜல்லடையைக் கவிழ்த்து வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

23 டிசம்பர்

ஸ்கிம்மர் மட்டும்: 2.20. அடி வாய் மட்டும்: 2.15. இரண்டு குழாயும் ஒரே மாதிரி அடைத்துக்கொள்ளுமா? ஒரே ராத்திரியில்?

24 டிசம்பர்

"கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன், இரண்டு குழாயும் சேரும் இடத்தில் டைல்ஸை உடைத்துப் பார்க்கப் போகிறோம்" என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். நிறுத்துங்கள், நிறுத்துங்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும்.

குழாய் மேல் சந்தேகம் வருவது இயல்பு. எனக்கும் ஒரு காலத்தில் வந்தது, அது சரியாகவும் இருந்தது. எஸ்டிமேட்டில் 2 இஞ்ச் குழாய், வெளியே தெரிகிற இடத்தில் எல்லாம் 2 இஞ்ச். மண்ணுக்குள் மட்டும் பிளம்பர் ஒன்றரை போட்டிருந்தார். அரை இஞ்ச்தானே என்று தோன்றும். அதே அளவு தண்ணீர் போக ஒன்றரை இஞ்ச் குழாயில் உராய்வு நான்கு மடங்கு. நான் வாசல் பக்கம் முழுக்கத் தோண்டி மாற்றினேன். வீட்டில் அந்த மாதம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் என் குளம் பிறந்ததிலிருந்தே மந்தம். உங்களுடையது புயலுக்கு முந்தின நாள்வரை வயிற்றில் தள்ளிய குளம். குழாய் ஒரே ராத்திரியில் மெலியாது.

26 டிசம்பர்

உடைக்குமுன் ஒரே ஒரு சோதனை. பம்ப் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று காட்டும் வேக்குவம் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பம்ப்பில் கூடை இருக்கும் குடுவையின் அடியில் டிரெயின் பிளக் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிவிட்டு அங்கே திருகுங்கள். மரை பொருந்தாவிட்டால் கடைக்காரரிடமே ரெட்யூசர் கேளுங்கள். குழாய் அடைத்திருந்தால் பம்ப் தவித்து இழுக்கும், முள் எக்கச்சக்கமாக ஏறும்.

27 டிசம்பர், இரவு

முள் 2 இஞ்ச்சைத் தாண்டவில்லையாம். பாதரசக் கணக்கில். என் பம்ப் எந்தக் கோளாறும் இல்லாத நாளிலேயே 6 காட்டும்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் தள்ளவில்லை, பின்பக்கம் இழுக்கவும் இல்லை. குழாய் அடைப்பே இல்லை, எல்லா வாசலும் திறந்து கிடக்கிறது. பம்ப்தான் வேலை செய்யாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. இம்பெல்லர் தேய்ந்துவிட்டதா? கழற்றியபோது எடுத்த படத்தில் தகடெல்லாம் கூராக இருக்கிறதே. அப்படியானால் அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரியா? தூக்கம் வரவில்லை.

28 டிசம்பர், காலை 4.40

கேள்வியை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"ஸ்டார்ட்டர் போய்விட்டது. அதை மாற்றி."

தலையில் அடித்துக்கொண்டேன். த்ரீ ஃபேஸ் பம்ப் என்று அதற்கு இரண்டு வரி முன்னால் எழுதியிருக்கிறீர்கள். விடை பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது என்று பெரிதாக ஆரம்பித்தேனே, மீதிப் பாதியும் அங்கேயே இருந்திருக்கிறது. நான்தான் மீட்டரைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

விடிந்ததும் ஒரே வேலை. பம்ப்பின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். ஸ்விட்சைப் போட்டு உடனே அணையுங்கள். மோட்டார் வேகம் குறைந்து நிற்கப்போகும் நேரத்தில் பின்பக்க மூடியின் சந்து வழியாக விசிறியைப் பாருங்கள். அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா, எதிர்ப்பக்கமா? மூடியைக் கழற்ற வேண்டாம், விரலை நீட்ட வேண்டாம்.

கொத்தனாருக்கு இப்போதே போன் போடுங்கள்.

28 டிசம்பர், மதியம்

எதிர்ப்பக்கம்.

28 டிசம்பர், மாலை

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை இறக்கி, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டை மட்டும் இடம் மாற்றினாராம். பத்து நிமிஷ வேலை. மீட்டர் 0.9. டிரம் 48 விநாடி. கேட்டவரின் அப்பா தண்ணீர் வரும் வாய்க்கு முன்னால் நின்று வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதை இங்கே போட வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்களாம்.

30 டிசம்பர்

"பின்னால் சுற்றினால் தண்ணீர் பின்னால்தானே போகணும், எப்படி முன்னால் வந்தது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஏமாறுவது இங்கேதான்.

இது காற்றாடி விசிறி இல்லை. மோர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சுழற்றினாலும் மோர் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் சிதறும். சென்ட்ரிஃபூகல் பம்ப்பும் அப்படியே: நடுக்கண்ணில் தண்ணீர் நுழையும், சுழற்சியில் ஓரத்துக்கு வீசப்படும், ஓரத்தில் ஒரே ஒரு வாசல் இருப்பதால் அது வழியாக வெளியேறும். ஆனால் இம்பெல்லரின் இறக்கைகள் ஒரு பக்கமாக வளைந்தவை, சுற்றியிருக்கும் உறையும் ஒரு பக்கமாக விரிந்துகொண்டே போவது. எதிராகச் சுற்றினால் இறக்கையும் உறையும் ஒத்துழைக்காமல் பெரும்பங்கு பலம் உள்ளேயே குழம்பி வீணாகும். தண்ணீர் வரும், உயிர் இருக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒரு சொட்டும் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. சில பம்ப்களில் இம்பெல்லரை ஷாஃப்ட்டில் மரை வைத்துத் திருகியிருப்பார்கள். சரியான திசையில் சுற்றும்வரை தானே இறுகும், எதிர்த் திசையில் கழன்று வரும். உங்களுடையதில் நடுவில் ஒரு பூட்டு ஸ்க்ரூ இருந்ததால் இருபது நாள் தாங்கியிருக்கிறது.

சரி, என் வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். டெஸ்ட் பெட்டில் த்ரீ ஃபேஸ் பம்ப்பை ஏற்றி ஒயர் கொடுத்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? தட்டி அணைத்துத் திசை பார்ப்பது. அப்புறம்தான் வால்வைத் தொடுவோம். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் காலையில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். என் வீட்டுப் பம்ப் சிங்கிள் ஃபேஸ். ஓய்வு பெற்றபின் இத்தனை வருஷம் அதோடு மட்டும் பழகியதில், திசை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

சவுக்கும் ஓ-ரிங்கும் பொய்யில்லை, அவையும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுகொண்டுதான் இருந்தன. 0.3 என்பது 0.45 வரை வந்தது அவற்றால். உண்மையான சின்னக் குற்றவாளிகள் வரிசையாகக் கிடைத்துக்கொண்டே இருந்ததால்தான் பெரியவனைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

4 ஜனவரி 2025

சிங்கிள் ஃபேஸ் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் வரிசையாகக் கேட்கிறீர்கள். உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிளக்கில் ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் அது சுற்றும் பக்கம்தான் சுற்றும். உங்கள் தொல்லை வேறு: கப்பாசிட்டர் போனால் மோட்டார் உம்மென்று முனகிக்கொண்டு நிற்கும்.

த்ரீ ஃபேஸில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஒருவர் வீட்டில் கரண்ட் இருக்கும்போது குளம் நன்றாக ஓடுமாம், ஜெனரேட்டரில் மட்டும் மந்தமாம். வோல்டேஜ் குறைவு என்று இரண்டு வருஷமாக ஜெனரேட்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாராம். இங்கே படித்துவிட்டு விசிறியைப் பார்த்திருக்கிறார். சேஞ்ச்ஓவர் ஸ்விட்சில் ஜெனரேட்டர் பக்கம் இரண்டு ஒயர் மாறியிருந்தது. இனிமேல் யாரைத் திட்டுவது என்று கேட்டிருக்கிறார்.

அந்த மெக்கானிக்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. "பம்ப்பில்தான் கோளாறு" என்று முதல் நாளே சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் ஓ-ரிங், சவுக்கு, மணல், குழாய் என்று ஊர் சுற்றி இருபது நாள் கழித்து அங்கேயே வந்து சேர்ந்தேன்.

16 ஜனவரி

காணும் பொங்கல். வீடு முழுக்கப் பிள்ளைகள், காலையிலிருந்து குளத்தில்தான். பதினோரு மணிக்குப் பேரன் ஓடி வந்து, "அப்பிச்சி, தண்ணி தள்ளவே மாட்டேங்குது" என்றான்.

நேராக மோட்டார் ரூமுக்குப் போய் மண்டியிட்டு, விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் சிங்கிள் ஃபேஸ் என்பது ஞாபகம் வந்தது. எழுந்து மெயினை இறக்கிவிட்டுக் கூடையைத் திறந்தேன். கழுத்துவரை கரும்புச் சக்கை.